பூசண நோய்க்கு இயற்கை மருந்து: தோட்டங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோட்டு மஞ்சள் வயலானாலும் பொங்கலூர் வெங்காயக் காடானாலும் பொள்ளாச்சித் தென்னந்தோப்பானாலும், வேப்பெண்ணெய், பூண்டு, மோர், நோய்ப் பூசணத்தை அடக்கும் நல்ல பூசணமான டிரைக்கோடெர்மா பற்றிக் கேட்கப்படும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்களின் பேச்சு மாறாமல் இங்கே தொகுத்திருக்கிறோம். டேங்க் என்று வரும் இடமெல்லாம் 10 லிட்டர் கைத்தெளிப்பான் கணக்கு. 16 லிட்டர் டேங்க் வைத்திருப்பவர்கள் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் போட்டுக்கொள்ளுங்கள்.

1. ஏனுங்க, இலையில புள்ளி வந்தா எல்லாமே பூசணந்தானுங்களா?

இல்லை. மருந்து வீணாவதில் பாதி இந்த இடத்தில்தான் நடக்கிறது. பூசணப் புள்ளிக்கு ஒரு வடிவம் உண்டு. நடுவில் காய்ந்து, ஓரம் கருத்து, சுற்றிலும் மஞ்சள் வளையம் கட்டும். தக்காளியில் வரும் முன்பருவக் கருகலில் மரத்தை அறுத்த முகம்போல வளையத்துக்குள் வளையம் தெரியும். சாம்பல் நோய் மாவு தூவினதுபோல இருக்கும், விரலால் தேய்த்தால் ஒட்டும். இலை சுருண்டு, சிறுத்து, தேமல்போலப் பச்சையும் மஞ்சளும் கலந்து வந்தால் அது வைரஸ். அதைப் பரப்பும் வெள்ளை ஈ போன்ற பூச்சியைத்தான் பார்க்க வேண்டும், பூசண மருந்துக்கு அங்கே வேலையே இல்லை. ஓட்டை விழுந்திருந்தால் புழு.

பூசண வித்து முளைக்கப் பெரும்பாலும் இலைமேல் சில மணி நேரம் ஈரம் நிற்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் மார்கழிப் பனியிலும் நோய் பாய்வது அதனால்தான். சாம்பல் நோய் மட்டும் விதிவிலக்கு. அதற்கு இலை நனைய வேண்டியதில்லை, காற்றில் ஈரப்பதம் இருந்தாலே போதும்.

2. செடிக்குள்ளயே மருந்து இருக்குதுங்கறாங்களே, அது என்னதுங்க?

ஓடி ஒளிய முடியாத செடி தன்னைக் காத்துக்கொள்ளச் செய்து வைத்திருக்கும் பொருள்கள் அவை. கிராம்பிலும் துளசியிலும் இருப்பது யூஜினால். ஓமத்தில் தைமால், இலவங்கப்பட்டையில் சின்னமால்டிகைடு, எலுமிச்சைப் புல்லில் சிட்ரால், நசுக்கின பூண்டில் அல்லிசின். எண்ணெய்ப் பசையுள்ள இந்தச் சிறு மூலக்கூறுகள் பூசணத்தின் உயிரணுச் சவ்வுக்குள் புகுந்து அதைக் கிழிக்கின்றன. உள்ளே இருக்கும் சத்து வெளியே கசிந்து பூசணம் வாடிப்போகிறது. அல்லிசின் வேலை செய்யும் விதம் வேறு. அது பூசணத்தின் நொதிகளில் உள்ள கந்தகப் பிடிப்புகளில் ஒட்டி அவற்றை முடக்குகிறது.

சில பொருள்களை நாம் கவனிப்பதே இல்லை. பச்சைத் தக்காளியில் டொமாட்டின் என்ற பொருள் நிறைய இருக்கிறது. பழுக்கப் பழுக்கக் குறைந்துவிடுகிறது. நிறமுள்ள வெங்காயத்தின் உலர்ந்த மேல்தோலில் கேட்டிகால் போன்ற பொருள்கள் உண்டு. வெள்ளை வெங்காயத்தைத் தாக்கும் கரும்புள்ளி நோய் சிவப்பு வெங்காயத்தை அவ்வளவாக அண்டாததற்கு அந்தத் தோல்தான் காரணம். வெங்காயத்தைத் தோல் உரியாமல் பக்குவமாகக் கையாளச் சொல்வதும் இதற்காகத்தான்.

3. மஞ்சளே கிருமிநாசினிதானுங்களே, அப்புறம் அதுக்கே ஏனுங்க கிழங்கழுகல் வருது?

அழகான கேள்வி. மஞ்சளில் கிருமியைக் கொல்லும் பொருளான குர்குமின் தண்ணீரில் கரையாது. அது கிழங்கின் உயிரணுக்களுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது, மண் ஈரத்தில் கசிந்து வந்து காவல் நிற்பதில்லை. கிழங்கழுகலை உண்டாக்கும் பித்தியம், தண்ணீர் தேங்கின பாத்தியில் நீந்தி வந்து தூரின் இளந்திசுவில் நுழைகிறது. உயிரியல்படி அது அசல் பூசணமே இல்லை, பாசியினத்துக்கு நெருங்கின உறவு. அதன் உயிரணுச் சுவர், பூசணங்களில் உள்ள கைட்டினுக்குப் பதில் செல்லுலோஸால் ஆனது. அதனால் பூசணத்துக்கென்று சொல்லும் சில மருந்துகள் அதனிடம் எடுபடுவதில்லை. பரமத்தி வேலூர்க் கொடிக்காலில் வெற்றிலைக்கு வரும் வாடலும் இதே கதைதான். வெற்றிலையில் காரமான பீனால்கள் நிறைந்திருந்தும், பித்தியத்தின் உறவான பைட்டோப்தோரா தண்ணீர் வழியே வந்து தண்டின் அடியை அழுக்கிவிடுகிறது. இந்த இரண்டுக்கும் முதல் மருந்து வடிகால்.

மஞ்சள் தூளைத் தண்ணீரில் கலக்கி அடிப்பவர்களும் உண்டு. தூள் அடியில் தங்கி நாசிலை அடைக்கும். இன்னொன்றும் உண்டு: ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கிறதே, காரத்தில் குர்குமின் உருமாறுவதன் அடையாளம் அது. காரத் தண்ணீரில் அது நெடுநேரம் நிலைக்காது, வெயிலிலும் சிதையும். நம் பக்கத்துப் போர்த்தண்ணீர் பெரும்பாலும் காரத்தன்மை கொண்டது.

4. அஞ்சு சதம், பத்து சதம்னு சொல்றீங்க, டேங்குக்கு எவ்வளவு ஊத்தோணும்?

ஒரு சதம் என்றால் டேங்குக்கு 100 மில்லி அல்லது 100 கிராம். வேப்பெண்ணெய் 3 சதம் என்றால் 300 மில்லி. வேப்பங்கொட்டைப் பருப்புச் சாறு 5 சதம் என்றால் 500 கிராம் பருப்பை இடித்து, துணியில் கட்டி, இரவு முழுக்க ஊறவைத்துப் பிழிந்து 10 லிட்டர் ஆக்க வேண்டும். இலைச்சாறு 10 சதத்துக்கு ஒரு கிலோ பச்சிலை. நோய்ப் பூசணத்தை அடக்கும் நல்ல பாக்டீரியாவான சூடோமோனாஸ் அரை சதம் என்றால் 50 கிராம். நறுமண எண்ணெய்களுக்கு 0.1 சதம், அதாவது 10 மில்லி. அதற்கு மேல் போகும் முன் 8-ஆம் கேள்வியைப் படியுங்கள்.

5. பூண்டுச் சாறு அடிச்சுங்க, ஒண்ணுமே கேக்கலீங்க. எங்க தப்பு?

பெரும்பாலும் அடுப்பில். முழுப் பூண்டில் அல்லிசின் கிடையாது. அல்லின் என்ற பொருள் ஒரு அறையிலும், அதை அல்லிசினாக மாற்றும் நொதி இன்னொரு அறையிலும் இருக்கின்றன. நசுக்கும்போதுதான் இரண்டும் சேர்கின்றன, சில நொடிகளில் அந்தக் காரமான நெடி கிளம்புகிறது. பூண்டைக் கொதிக்க வைத்துவிட்டு அரைத்தால் நொதி செத்துவிடும், கிடைப்பது வெறும் பூண்டுக் கஷாயம். புளித்த மோரில் போட்டு அரைத்தாலும் புளிப்பு கூடினால் நொதி சரியாக வேலை செய்யாது.

டேங்குக்கு 500 கிராம் பூண்டு எடுங்கள். தோல் முழுக்க உரிக்க வேண்டியதில்லை. சாதாரணத் தண்ணீர் அரை லிட்டர் விட்டு விழுதாக அரையுங்கள். 10 நிமிடம் அப்படியே வையுங்கள். பழைய வேட்டித் துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள். கதர் சோப்பு 20 கிராம் கரைத்துச் சேர்த்து 10 லிட்டர் ஆக்கி, அன்று மாலையே அடித்துத் தீர்த்துவிடுங்கள். அல்லிசின் ஆவியாகும், சிதையும். பாட்டிலில் ஒரு வாரம் வைத்த சாறு நாறும், ஆனால் நோயைப் பிடிக்காது. இலைமேலும் அதன் ஆயுள் குறைவுதான். ஆகவே இதை முளைக்கும் வித்தைத் தடுக்கும் மருந்தாக நினையுங்கள். இலைக்குள் இறங்கிவிட்ட நோயை இது துரத்தாது.

வெங்காயத்தையும் பூண்டையும் கலந்து உண்டாக்கின ஜிம்மு என்ற கலப்பினச் செடியின் இலைச்சாற்றையும் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் பூசண நோய்களுக்கு எதிராகச் சோதித்திருக்கிறார்கள். அதிலும் இதே கந்தகக் குடும்பத்துப் பொருள்கள்தான் வேலை செய்கின்றன.

6. வேப்பெண்ணெய் தண்ணில சேரவே மாட்டேங்குதுங்க. மேல மேல மிதக்குது.

மிதக்கும் எண்ணெயை அடித்தால் முதல் வரிசைக்கு வெறும் தண்ணீர், கடைசி வரிசைக்கு வெறும் எண்ணெய். கடைசி வரிசை கருகும். எண்ணெயைத் தண்ணீரில் ஊற்றுவதை விட்டுவிட்டு முறையை மாற்றுங்கள். முதலில் கதர் சோப்பை, டேங்குக்கு 30 முதல் 50 கிராம், சீவிக் கொஞ்சம் வெந்நீரில் கரையுங்கள். ஆறினதும் அதில் எண்ணெயை மெல்லிய தாரையாக ஊற்றி, மத்தால் கடையுங்கள். பால்போல வெளுத்து வரும். அதன்பின் தண்ணீரைக் கொஞ்சங்கொஞ்சமாகச் சேருங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்துக் கால் மணி நேரம் வைத்துப் பாருங்கள். மேலே எண்ணெய் ஏடு கட்டவில்லை என்றால் டேங்கில் ஊற்றலாம்.

கடைந்தும் திரிந்து வெள்ளைக் கசடாக மிதந்தால் குற்றம் உங்கள் தண்ணீரில். பல்லடம், அவிநாசிப் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில் சுண்ணாம்புச் சத்து மிகுந்த உப்புத் தண்ணீர் சகஜம். அந்தச் சுண்ணாம்பு சோப்பைப் பிடித்துக் கசடாக்கிவிடும், எண்ணெய் பிரிந்துவிடும். ஆற்றுத் தண்ணீர், பிடித்து வைத்த மழைத்தண்ணீர் இருந்தால் அதில் கலக்குங்கள். இல்லாவிட்டால் சோப்புக்குப் பதில், கடின நீரிலும் திரியாமல் கலக்கும் ஒட்டுப்பசை பூச்சிமருந்துக் கடையில் கிடைக்கும், லேபிள் அளவில் போடலாம்.

நெல்லுக்கு 3 சதம் தாங்கும். நெல்லின் இலையுறை அழுகலுக்கு வேப்பெண்ணெய் 3 சதமும், வேப்பங்கொட்டைச் சாறு 5 சதமும், வேலிக்காத்தான் இலைப்பொடிச் சாறும் வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையிலேயே உள்ளவை. புடலை, பாகல், தக்காளி போன்ற மென்மையான இலைக்கு அரை முதல் 1 சதத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

7. எத்தன நாளைக்கு ஒருக்கா, எந்நேரத்துல அடிக்கறதுங்க?

மழைக் காலத்தில் 7 நாளுக்கு ஒரு முறை, மற்ற காலத்தில் 10 முதல் 12 நாள். செயற்கை மருந்துபோல இலைக்குள் ஊடுருவி இரண்டு வாரம் நிற்கும் ஆற்றல் இந்தப் பொருள்களுக்கு இல்லை. மழை பெய்தால் கழுவிக்கொண்டு போகும். மறுபடி அடிக்க வேண்டும்.

நேரம் மாலை 4 மணிக்கு மேல். வெயில் வேம்பின் சத்தைச் சிதைக்கும், நறுமண எண்ணெய்களை ஆவியாக்கும், இலையையும் கருக்கும். இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும். நாசிலை மேல்நோக்கித் திருப்பிப் பிடிக்காமல் அடித்த மருந்தில் பாதி மண்ணுக்குத்தான்.

8. இயற்கை மருந்துதானுங்களே, சித்தெ சேத்து ஊத்துனா நல்லாத்தானுங்க புடிக்கும்?

இந்த நினைப்பால் எரிந்துபோன பந்தல்கள் பல. கிராம்பெண்ணெயை வெளிநாடுகளில் இயற்கைக் களைக்கொல்லியாகவே விற்கிறார்கள். பூசணத்தின் சவ்வைக் கிழிக்கும் அதே யூஜினால் அளவு மீறினால் இலையின் சவ்வையும் கிழிக்கும். அறிகுறி மறுநாளே தெரியும்: இலை விளிம்பு வெந்ததுபோலச் சுருங்கும், தளிர் கருகும். அதை நோய் கூடிவிட்டதாக நினைத்து மறுபடி அடிப்பவர்கள் இருக்கிறார்கள். எந்தக் கலவையானாலும் முதலில் 10 செடிக்கு அடித்து 48 மணி நேரம் பொறுங்கள்.

ஊமத்தை, அரளி இவற்றின் சாறும் இயற்கைதான், கொடிய நஞ்சும்தான். பறித்துத் தின்னும் காய்க்கு அவற்றை அடிக்கவே கூடாது. ஓம எண்ணெய், பூண்டு அரைக்கும்போது கண்ணாடியும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள், கண்ணில் பட்டால் எரிச்சல் எளிதில் அடங்காது.

9. டிரைக்கோடெர்மா பாக்கெட் உசுரோட இருக்குதான்னு எப்படிங்க கண்டுபுடிக்கிறது?

முதலில் லேபிள். ஒரு கிராமில் குறைந்தது 20 லட்சம் உயிர்வித்துகள் இருக்க வேண்டும், காலாவதித் தேதிக்கு இன்னும் மாதங்கள் இருக்க வேண்டும். கடையில் வெயில் படும் தகர ஷெட்டில் அடுக்கியிருந்தால் தேதி இருந்தும் பயனில்லை.

வீட்டில் சோதிக்கவும் வழி உண்டு. வேகவைத்து ஆறின சோற்றை இரண்டு கிண்ணத்தில் எடுங்கள். ஒன்றில் ஒரு சிட்டிகை பொடி தூவுங்கள், மற்றதைச் சும்மா விடுங்கள். இரண்டையும் மூடி நிழலில் வையுங்கள். உயிருள்ள பொடி என்றால் தூவின கிண்ணத்தில் இரண்டாம் நாள் வெள்ளை நூல்போலப் படர்ந்து, நான்காம் நாளுக்குள் கரும்பச்சையாக மாறும். சில இனங்களில் தேங்காய் வாசனைகூட வரும். பூசணத்தை அடக்க டிரைக்கோடெர்மா சுரக்கும் பொருள்களில் ஒன்றின் வாசனை அது. சும்மா விட்ட கிண்ணத்திலும் அதே பச்சை வந்தால் சோதனை செல்லாது, சோற்றுக்கு வந்த வேறு பூசணம் என்று கொள்ளுங்கள். இது தோராயமான சோதனைதான், ஆனாலும் செத்த பாக்கெட்டை அடையாளம் காட்டிவிடும்.

பெருக்குவதற்கு: நன்றாக மக்கின தொழு உரம் 90 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 10 கிலோ, டிரைக்கோடெர்மா 1 கிலோ. கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. நிழலில் கோணிச்சாக்கு போட்டு மூடி 15 நாள், நடுவில் ஒரு முறை புரட்டிவிடுங்கள். புதுச் சாணியில் போட்டால் கிளம்பும் சூட்டில் வெந்துவிடும்.

10. எங்க மண்ணு சுண்ணாம்பு மண்ணுங்க. டிரைக்கோடெர்மா நல்லதுங்களா, சூடோமோனாஸ் நல்லதுங்களா?

மண்ணின் பி.எச். எட்டைத் தாண்டினால் சூடோமோனாஸ் பக்கம் சாயலாம். டிரைக்கோடெர்மா சற்றே புளிப்பான மண்ணை விரும்பும். சூடோமோனாஸ், இரும்பைக் கவ்விப் பிடிக்கும் ஒரு பொருளைச் சுரந்து பூசணத்துக்கு இரும்பு கிடைக்காமல் செய்கிறது. சுண்ணாம்பு மண்ணில் இரும்பு ஏற்கெனவே தட்டுப்பாடு என்பதால் அந்த உத்தி அங்கே இன்னும் நன்றாகப் பலிக்கும். டிரைக்கோடெர்மாவே வேண்டும் என்றால் மேலே சொன்னபடி தொழு உரத்தில் பெருக்கி இடுங்கள், மக்கின உரம் அதற்கு ஒரு சிறு வீடுபோல ஆகும்.

அளவு: விதைக்குக் கிலோவுக்கு டிரைக்கோடெர்மா 4 கிராம் அல்லது சூடோமோனாஸ் 10 கிராம். மண்ணுக்கு ஏக்கருக்கு 1 கிலோவை 20 கிலோ தொழு உரத்தில் கலந்து ஈரத்தில் இட வேண்டும். விதை மஞ்சளை, 10 லிட்டருக்கு 100 கிராம் சூடோமோனாஸ் கரைத்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து நிழலில் ஆற்றி நடலாம்.

11. எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்து ஒரே அடியா அடிச்சரலாமுங்களா? கூலி மிச்சமாகுமுங்க.

கூலி மிச்சமாகும், மருந்து செத்துப்போகும். டிரைக்கோடெர்மா ஒரு பூசணம் என்பதை மறந்துவிடக் கூடாது. பூண்டுச் சாறு, ஓம எண்ணெய், தாமிர மருந்து மூன்றும் பகைப் பூசணம், நம் பூசணம் என்று பார்க்காது. தாமிரம் சூடோமோனாஸையும் கொல்லும். உயிர் மருந்துக்கும் தாமிரத்துக்கும் இடையே 15 நாள் விடுங்கள். கந்தகத் தூளும் எண்ணெயும் இரண்டு வாரத்துக்குள் ஒரே இலையில் சந்தித்தால் இலை வெந்துவிடும். 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் நாளில் கந்தகமே வேண்டாம்.

12. பால் அடிச்சா சாம்பல் நோய் போகுமுங்களா? மோர், பஞ்சகவ்யம்?

பால் வேலை செய்கிறது. 1 பங்கு பால், 9 பங்கு தண்ணீர், வாரம் ஒரு முறை, பூசணி, சுரை, புடலைச் சாம்பல் நோய்க்கு மட்டும். மற்றப் புள்ளி நோய்களுக்கு அதை நம்ப வேண்டாம்.

பஞ்சகவ்யத்தைப் பயிர்த் தெளிப்பாகப் பரப்பியவர் நம் கொடுமுடி டாக்டர் நடராஜன். 3 சதம், டேங்குக்கு 300 மில்லி. பயிர் திடமாக நிற்கும், தளிர் செழிக்கும். அதை நோய் மருந்தாக எண்ணிப் பரவிவிட்ட கருகலுக்கு அடித்துக் காத்திருந்தால் வெள்ளாமை போய்விடும். மோரும் அப்படித்தான், தடுப்புக்குத் துணை.

13. மழை விட்டதும் சின்ன வெங்காயத் தாள் திருகிக்கிட்டு வெளுத்துப் போகுதுங்க. பூண்டுச் சாறு நிக்குமுங்களா?

திருகல் நோய் வெங்காயக் காட்டின் பெரிய துயரம். காரணம் கொல்லெட்டோட்ரைக்கம் இனப் பூசணம். தாள் வழவழப்பானது, மெழுகுப் பூச்சு உள்ளது, துளி உருண்டு ஓடிவிடும். ஒட்டுப்பசை இல்லாமல் எதை அடித்தாலும் பயன் இல்லை. நட்ட 20-ஆம் நாளே சூடோமோனாஸ் டேங்குக்கு 50 கிராம், ஒட்டுப்பசையோடு, 10 நாளுக்கு ஒரு முறை தொடங்கிவிட்டால் பாதிப்பு குறைய வாய்ப்பு உண்டு. திருகல் கண்ணில் பட்ட பிறகு இலைச்சாற்றால் நிறுத்த முடியாது. திருகின செடிகளைப் பிடுங்கிக் காட்டுக்கு வெளியே எரியுங்கள், தெளிப்பு நீர்ப் பாசனத்தை நிறுத்துங்கள், அதற்கு மேலும் பரவினால் வேளாண் அலுவலரைக் கேட்டு மருந்து எடுங்கள். இதில் பிடிவாதம் வேண்டாம்.

பட்டறையில் சேமித்து வைத்த வெங்காயத்துக்கு எந்தச் சாறும் தெளிக்காதீர்கள். அங்கே ஈரம்தான் எதிரி. தாள் காய்ந்து கழுத்து இறுகும்வரை நிழலில் ஆற்றி, காயம்பட்டதைக் கழித்து, காற்றோடும்படி போடுங்கள். 2-ஆம் கேள்வியில் சொன்ன மேல்தோல் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

14. மரத்துல மாங்கா பளபளன்னு இருந்துச்சுங்க. பழுத்ததும் கரும்புள்ளி! எங்கிருந்துங்க வந்துச்சு?

மரத்திலேயே வந்துவிட்டது. பூப்பருவத்திலும் பிஞ்சிலும் மழை, பனி ஈரத்தில் வித்து முளைத்து, தோலில் ஒட்டி, உள்ளே நுழையப் பார்க்கும். பச்சைக் காயின் தோலில் ரெசார்சினால் வகைப் பொருள்கள் நிறைய இருப்பதால் அதற்குமேல் வளர முடியாமல் அப்படியே உறங்கிவிடும். பழுக்கும்போது அந்தப் பொருள் குறைகிறது, சர்க்கரை கூடுகிறது, உறங்கின பூசணம் எழுந்துகொள்கிறது. அதனால்தான் பழத்தின் மேல் எதைப் பூசினாலும் முழுப் பலன் கிடைப்பதில்லை. எதிரி தோலுக்குள் இருக்கிறான்.

அங்கே போய்ச் சேரும் ஒரே எளிய பொருள் சூடு. பறித்த 24 மணி நேரத்துக்குள் 52 டிகிரித் தண்ணீரில் 5 நிமிடம், பெரிய ரகங்களுக்கு 10 நிமிடம்வரை, முக்கி எடுத்து ஆறவிடுங்கள். கைச்சூட்டை நம்பாதீர்கள், வெப்பமானி வேண்டும். 50-க்குக் கீழே போனால் பலன் குறையும், 55-ஐத் தாண்டினால் தோல் வெந்து பழுப்பேறும். குளிர்ந்த காயைப் போட்டதும் அண்டாச் சூடு சட்டென்று இறங்கும், அதற்கேற்ப ஒரு தடவைக்குக் கொஞ்சமாகப் போடுங்கள். காம்பை ஒரு அங்குலம் விட்டு அறுங்கள், பால் காயின் மேல் வழியாது.

15. வாழைச் சீப்போட கொண்டை கருத்து அழுகுதுங்க. கைட்டோசான்னு ஒண்ணு பூசலாங்கறாங்களே?

பூசலாம். கைட்டோசான் இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது. பழத்தின் மேல் மெல்லிய படலமாகி மூச்சைச் சற்றுக் குறைக்கிறது, பூசணத்தின் சவ்வையும் தாக்குகிறது. ஆனால் முதல் வேலை வெட்டுதான். சீப்பைக் கூர்மையான கத்தியால் ஒரே வெட்டாக எடுங்கள், கந்தல் வெட்டில்தான் வித்து குடியேறும். லிட்டருக்கு 10 கிராம் படிகாரம் கரைத்த தண்ணீரில், வெட்டில் வடியும் பாலைக் கழுவி வடியவிடுங்கள்.

பிறகு கைட்டோசான் 1 சதக் கரைசல். அது வெறும் தண்ணீரில் கரையாது, புளிப்பு வேண்டும். 750 மில்லி நல்ல தண்ணீரில் 250 மில்லி சமையல் வினிகர் சேர்த்து, 10 கிராம் பொடியைத் தூவித் தூவிக் கலக்கி ஒரு இரவு வையுங்கள். கட்டிகளை வடிகட்டி, சீப்பை ஒரு நிமிடம் முக்கி, மின்விசிறிக் காற்றில் காயவிடுங்கள். காரம் கூடினால் கைட்டோசான் திரிதிரியாகப் பிரிந்துவிடும். தடிமனாகப் பூசினால் பழம் மூச்சு முட்டிச் சாராய வாடை வரும். இறால், நண்டு ஒவ்வாமை உள்ளவர்களுக்குப் போகும் பழம் என்றால் பூசினதைச் சொல்லி விற்பது நம் கடமை.

16. கடைக்காரரு ஒரு மருந்தக் காட்டி, காளான்ல இருந்து வந்ததுங்க, இயற்கைங்கறாரு. நெசமுங்களா?

பாதி நிஜம். பைன் காயின் மேல் முளைக்கும் ஒரு சிறு காளானிலிருந்து ஸ்ட்ரோபிலூரின் என்ற பூசண எதிர்ப்புப் பொருளை 1977-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். காளானில் உள்ளபடியே எடுத்தால் வெளிச்சத்தில் சீக்கிரம் சிதைந்தது. வேதியியலாளர்கள் அதன் வடிவத்தை மாற்றி நிலைக்கச் செய்ததுதான் அசாக்சிஸ்ட்ரோபின், 1996 முதல் சந்தையில் இருக்கிறது. மூலம் காளான், பாக்கெட்டில் இருப்பது தொழிற்சாலையில் செய்தது. அங்ககச் சான்று வாங்கினவர்கள் பயன்படுத்தக் கூடாது. பூசணத்தின் ஒரே இடத்தில் தாக்குவதால் அடிக்கடி அடித்தால் எதிர்ப்புத் திறன் வந்துவிடும், மாற்றி மாற்றித்தான் அடிக்க வேண்டும்.

17. திராட்சைக்கு அடிச்சாம்பல் வந்தா இலைச்சாறு போதுமுங்களா?

போதாது. அந்த நோயை உண்டாக்குவதும் 3-ஆம் கேள்வியில் சொன்ன பித்தியத்தின் உறவுதான். 1 சத போர்டோக் கலவை வேண்டும்: மயில்துத்தம் 1 கிலோவை 50 லிட்டரிலும், நீற்றின சுண்ணாம்பு 1 கிலோவை 50 லிட்டரிலும் தனித்தனியே கரைத்து, பிளாஸ்டிக் பீப்பாயில் துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்குங்கள். தீட்டின இரும்புக் கத்தியை நனைத்துப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேருங்கள். அன்றே அடித்துவிட வேண்டும்.

18. அடிச்ச மருந்து வேலை செஞ்சுதா, மழை நின்னதால நோய் நின்னுச்சா, எப்படிங்க தெரிஞ்சுக்கறது?

ஒவ்வொரு முறையும் இரண்டு வரிசையை அடிக்காமல் விடுங்கள். குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். 10 நாள் கழித்து இரண்டு பக்கமும் 20 செடியில் கீழிருந்து ஐந்தாவது இலையைப் பார்த்துப் புள்ளியை எண்ணி எழுதுங்கள். விட்ட வரிசையிலும் நோய் இல்லை என்றால் அந்த முறை உங்களைக் காத்தது வெயில்.

19. பொள்ளாச்சிப் பக்கம் தென்னையோலையெல்லாம் கருப்பாப் பூசணம் படிஞ்சிருச்சுங்க. அடுத்த தோட்டத்துல மரம் வாடுது. ரெண்டுக்கும் என்னங்க அடிக்கறது?

இரண்டும் வெவ்வேறு. ஓலையில் படிந்த கரும்பூசணம் மரத்தைத் தின்னவில்லை. சுருள் வெள்ளை ஈ சொரியும் இனிப்புத் திரவத்தின் மேல் வளர்கிறது. அந்த ஈ இந்தியாவில் முதலில் பதிவானதே 2016-இல் பொள்ளாச்சியில்தான். டேங்குக்கு 250 கிராம் மைதாவைக் கூழாகக் காய்ச்சி, வடிகட்டி, கரைத்து அடித்தால் காய்ந்து செதிலாக உதிரும்போது கருப்பையும் கூட்டிக்கொண்டு உதிரும். பூச்சிக்கொல்லி அடிக்காதீர்கள், ஈயை அழிக்கும் என்கார்சியா குளவி செத்துவிடும்.

வாடலில் அடிமரத்தைப் பாருங்கள். தூரிலிருந்து செம்பழுப்புத் திரவம் கசிந்து, பின்னாளில் காளான் தலை நீட்டினால் அது கேனோடெர்மா, தஞ்சாவூர் வாடல். மரத்துக்கு ஆண்டுக்கு வேப்பம் புண்ணாக்கு 5 கிலோ, டிரைக்கோடெர்மா 200 கிராம், சூடோமோனாஸ் 200 கிராம், தொழு உரம் 50 கிலோவில் கலந்து இடுங்கள். உழவு ஓட்டி வேரைக் காயப்படுத்தாதீர்கள், வாய்க்கால் தண்ணீர் நோய் மரத்திலிருந்து நல்ல மரத்துக்கு ஓடக் கூடாது. ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற மண் நுண்ணுயிரிலிருந்து எடுத்த ஆரியோபங்கின் 2 கிராமையும் மயில்துத்தம் 1 கிராமையும் 100 மில்லித் தண்ணீரில் கரைத்து வேர் வழியே ஊட்டுவது பழைய பரிந்துரை. பென்சில் பருமனுள்ள இளவேரைத் தேடிச் சாய்வாக வெட்டி, கரைசல் உள்ள பையில் நுழைத்துக் கட்டிவிட வேண்டும்.

கசிவே இல்லாமல் ஓலை தொய்ந்து, விலா எலும்புபோல உள்வளைந்து, ஓரம் மஞ்சளாகிக் கருகினால் அது கேரள வேர்வாடல். காரணம் பைட்டோபிளாஸ்மா என்ற பாக்டீரியா வகை நுண்ணுயிர், பூசணமே அல்ல. அதற்கு இந்தப் பக்கத்தில் சொன்ன எந்த மருந்தும் பயன்படாது. உரமும் தண்ணீரும் ஒழுங்காகக் கொடுத்து மரத்தைத் தேற்றலாம். காய்ப்பு மிகவும் குறைந்த மரத்தை வெட்டி எடுத்துவிட வேண்டும், நோயைச் சுமக்கும் பூச்சி அதிலிருந்துதான் அடுத்த மரத்துக்குப் போகிறது.